மணி நகர்கிறது, மனசு வேறெங்கோ

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். காலை ஐந்தரைக்கு விளக்கேற்றி, ருத்ராட்ச மாலையில் 108 முறை 'நமசிவாய' சொல்வது வழக்கம். பத்து மணிகளைக்கூடத் தாண்டாது, மனசு ஓடிவிடும். தண்ணி லாரி வருமா, மாமியாருக்கு சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதே, மகன் அரியரை முடிப்பானா... விலகியது தெரிந்ததும் முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. சமையல் தாமதமாகி எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதியில் நின்றாலும் இதே கதைதான். சாமியை ஏமாற்றுகிறேனோ என்று அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதல் மணிக்குத் திரும்புவதை இன்றோடு நிறுத்துங்கள். சிக்கலில் பாதி அதில்தான் இருக்கிறது. 'தவறினால் மறுபடி முதலிலிருந்து' என்று விதி வைத்துவிட்டால், மனசு மந்திரத்தை விட்டுவிட்டு 'இப்போது விலகினேனா' என்று தன்னையே வேவு பார்க்கும். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான். 1987-ல் உளவியலாளர் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று சொல்லிச் செய்த சோதனையிலும், அடக்க அடக்க அந்த நினைப்பு வந்துகொண்டேதான் இருந்தது. விலகியது தெரிந்த நொடியிலேயே நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள். விரலில் இருக்கும் மணியிலிருந்தே தொடருங்கள்.

உட்காரும் முன் இரண்டு நிமிடம், ஒரு துண்டுக் காகிதம். 'மாத்திரை' என்று மட்டும் எழுதினால் போதாது. 'பத்து மணிக்கு மருந்துக்கடை' என்று எழுதுங்கள். நேரமும் இடமும் குறித்த வேலை அவ்வளவாக நச்சரிக்காது. அரியருக்கும் ஒரு வரி: 'ராத்திரி சாப்பிட்டதும் அவனிடம் கேட்பேன்.'

ஜபத்தை மரபு மூன்றாகச் சொல்கிறது. காதில் விழச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, உள்ளுக்குள் சொல்வது மானசம். மானசம் உயர்ந்தது என்று கேள்விப்பட்டு எடுத்ததுமே அதில் இறங்குகிறார்கள். எளிதில் நழுவுவதும் அதில்தான். முதல் 27 மணி வாய்விட்டு, அடுத்த 27 உதட்டசைவில், மீதி 54 உள்ளுக்குள். விலகினால் ஒரு படி இறங்கி, ஐந்தாறு மணிகளுக்கு உதட்டையோ குரலையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை நடுவிரல்மேல் இருக்கட்டும், கட்டைவிரலால் மணியை இழுங்கள். ருத்ராட்சத்தின் முகக் கோடு விரலில் நெருடியபின்தான் அடுத்த மணி. மூச்சை விடும்போது ஒரு நமசிவாய. ஒன்றுக்கு ஐந்து வினாடி என்றால் 108-க்கு ஒன்பது நிமிடம். வேகமாகச் சொன்னால் நாக்கு பழக்கத்தில் ஓடும், மனசு லாரியைத் தேடிப் போய்விடும். மாலையின் தலைமணியான மேரு மணி வந்ததும் எழுந்துவிடுங்கள். விட்டதை ஈடுகட்ட இன்னொரு சுற்று வேண்டவே வேண்டாம்.

சன்னதிக் கூட்டத்தில் எண்ணிக்கை எதற்கு? பாதாதிகேசமாகப் பாருங்கள்: பாதம், புடவைக் கரை, கை, மாலை, முகம் என்று கண் மெல்ல ஏறட்டும். பாதியில் நகரச் சொன்னால் அதுவரை பார்த்ததே தரிசனம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 'சரியாகச் சொல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும்' என்ற பயத்தில் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கிறீர்களா? சாமியைப் பற்றியே அருவருப்பான நினைப்பு வந்து வதைக்கிறதா? அப்படியானால் அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அது பாவமில்லை, சிகிச்சை உண்டு. ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். வெளியே போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.