பன்றியின் கணையச் செல்களால் ஊசி நின்றுவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 14. முதல் வகை நீரிழிவு. ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் நான்கு ஊசி போட்டுக்கொள்கிறான். பன்றியின் கணையச் செல்களை உறையிலிட்டு வயிற்றுக்குள் வைத்தால் இன்சுலினே வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? சைவக் குடும்பமான எங்களுக்குப் பன்றி என்றதும் ஒரு தயக்கமும் இருக்கிறது.
- ஒரு தாய், மாதுங்கா, மும்பை

பதில்: தயக்கத்தை முதலில் பார்ப்போம். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. 1980களில் மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, சைவர்கள் உட்பட எல்லோரும் போட்டுக்கொண்டது மாடு அல்லது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த மருந்தே. (மருந்துக்கடைக்காரர் அதைச் சொல்லி விற்றிருக்கமாட்டார்.)

உங்கள் உறவினர் சொன்னது கற்பனையன்று. உங்கள் மகனின் இன்சுலின் சுரக்கும் செல்களை அவனுடைய எதிர்ப்பு மண்டலமே அழித்துவிட்டது. விலங்கின் செல்களை அது இன்னும் மூர்க்கமாகத் தாக்கும். ஆகவே, பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்ற பொருளால் செல்திட்டுகளை (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களின் சிறு கூட்டங்கள்) சுற்றி நுண்ணிய உறை அமைக்கிறார்கள். அதன் துளைகள் வழியே குளுக்கோஸும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், தாக்கவரும் வெள்ளணுக்கள் மட்டும் நுழைய முடியாது. லிம், சன் என்ற ஆய்வாளர்கள் 1980இல் நீரிழிவுள்ள எலிகளில் வேறு எலிகளின் செல்திட்டுகளை இவ்வாறு உறையிலிட்டு வைத்து, இரண்டு மூன்று வாரங்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

சிக்கலும் அந்த உறையில்தான் இருக்கிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி மேலே நார்த்திசுவைப் படரவிடுவதால், இரத்தக்குழாய் எட்டாத திட்டுகள் ஆக்சிஜன் இன்றி உள்ளேயே மடிகின்றன. பன்றியின் மரபணுவோடு கலந்திருக்கும் வைரஸ்கள் மனிதருக்குத் தொற்றுமோ என்ற அச்சமும் 1990களில் ஆய்வுகளைத் தாமதப்படுத்தியது. நியூசிலாந்தில், ஆளரவமற்ற ஆக்லாந்து தீவுகளில் தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி வாழ்ந்த, நோய்த்தொற்று குறைந்த பன்றிகளின் வழிவந்தவற்றைக் கொண்டு மனிதர்களிடமும் சோதித்தார்கள். சர்க்கரை திடீரென இறங்குவது சிலருக்குக் குறைந்ததே தவிர, ஊசியை நிலையாகக் கைவிடும் நிலை வரவில்லை.

எனவே, இன்று காசு கொடுத்துச் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சையாக இது இல்லை. ஆய்வு என்று சொல்லி யாராவது அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எவர் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தாதீர்கள். முதல் வகை நீரிழிவில் அதை நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.