தராசில் ஏறாத இதயம்

கேள்வி: 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்த செக்ரட்டேரியட் என்ற குதிரையின் இதயம் 10 கிலோ இருந்ததாமே! சாதாரணக் குதிரைக்கு 4 கிலோதானாம். எங்கள் மேனேஜர் இதை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘பெரிய மனசு இருந்தால் எதையும் ஜெயிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். உண்மைதானா?
- ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: அந்த இதயத்தை யாரும் தராசில் வைக்கவே இல்லை.

1989 அக்டோபரில், குளம்பில் வந்த லாமினைட்டிஸ் என்ற அழற்சி நோய் முற்றிப்போய், கென்டக்கியில் ஊசி போட்டு அந்தக் குதிரையை வழியனுப்பினார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர் தாமஸ் ஸ்வெர்செக் இதயத்தின் அளவைப் பார்த்து அசந்துபோனார், ஆனால் நிறுக்கவில்லை. நான்கு வருடம் கழித்து ஷாம் என்ற குதிரை செத்தது. அதன் இதயத்தை அதே டாக்டர் நிறுத்தார்: 18 பவுண்டு, அதாவது 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முன்பு பார்த்தது இதைவிடப் பெரிது என்ற ஞாபகத்தில் 22 பவுண்டு இருக்கும் என்று மதிப்புப் போட்டார். உங்கள் 10 கிலோ அங்கிருந்து வந்ததுதான்.

சரி, இந்த ஷாம் யார்? மேனேஜர் விட்டுவிட்ட பகுதி இது. அதே 1973-ல் கென்டக்கி டெர்பியிலும் ப்ரீக்னஸிலும் செக்ரட்டேரியட்டுக்கு இரண்டரைக் குதிரை நீளம் பின்னால், இரண்டாவதாக வந்த குதிரை. மூன்றாவது பந்தயமான பெல்மாண்டில் ஓடியவை ஐந்தே ஐந்து. ஷாம் ஐந்தாவது. ஆக, நிஜமாகவே நிறுத்துப் பார்த்த பெரிய இதயம் கடைசியாக வந்திருக்கிறது. இதையும் குழுவில் போடுங்கள். (இன்க்ரிமென்ட் கைக்கு வந்த பிறகு.)

பெரிய இதயத்தால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. ரத்தம் அதிகம் பாயும், மூச்சு தாங்கும். ஆனால் டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு நியூயார்க்கில் ஒரு பந்தயத்தில் இதே செக்ரட்டேரியட் மூன்றாவதாகத்தான் வந்தது. வாயில் சீழ்க்கட்டி. இதயம் அன்றைக்கும் உள்ளேதான் இருந்தது.

எனக்குப் பிடித்த கணக்கு கடிகாரத்தில் இருக்கிறது. டெர்பி ஒன்றேகால் மைல். கால் கால் மைலாகப் பிரித்தால் செக்ரட்டேரியட் எடுத்த நேரம் 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. மற்ற குதிரைகள் கடைசியில் தளரும். இது ஓட ஓட வேகத்தைக் கூட்டியிருக்கிறது! மொத்தம் 1 நிமிடம் 59.4 விநாடி. அந்த ரெக்கார்டை இன்னும் எந்தக் குதிரையும் உடைக்கவில்லை. பெல்மாண்டில் ஷாமும் அதுவும் முதல் ஆறு ஃபர்லாங், அதாவது முக்கால் மைல், சேர்ந்தே பறந்தன. அப்புறம் ஷாம் கழன்றுகொண்டது. இது மட்டும் நிற்கவில்லை. 31 குதிரை நீளம் முன்னால், ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்தது. அந்தக் கடைசி நேரத்துப் போட்டோ ஒன்றில் ஜாக்கி ரான் டர்காட் தலையைத் திருப்பியிருப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை, யாரும் வரவில்லையே. மைதானத்து டைமரைப் பார்க்கிறார்.

பெற்றோர் ராசி என்பீர்களோ? இந்தக் குதிரை அதன் சொந்தக்காரர் பென்னி செனரி வீட்டுக்கு வந்ததே, குட்டிகளைப் பங்கு பிரிக்கப் போட்ட டாஸில் அவர் தோற்றதால். ஜெயித்த ஆக்டன் ஃபிப்ஸ் முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டது அதே அப்பா, அதே அம்மாவுக்கு முந்தின வருடம் பிறந்த பெண்குட்டியை. அது ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. தோற்றவருக்கு, இன்னும் பிறக்காத இந்தக் குட்டி. (செக்ரட்டேரியட் என்றால் நமக்குக் கோட்டை. பெயர் வைத்தது பண்ணையின் செக்ரட்டரி எலிசபெத் ஹாம்; கொடுத்த பல பெயர்கள் தள்ளுபடியாகி, தேறியது இது. ஃபைல் நகர்ந்த வேகத்தில் நம் கோட்டைக்கு ஒப்பானதுதான்.)

வாரிசு விஷயத்தில் மகன்களைவிட மகள்கள்தான் பேரைக் காப்பாற்றினார்கள். ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி என்ற இரண்டு பெரிய பொலிகுதிரைகளுக்கும் இது தாய்வழித் தாத்தா. கிண்டியில் விற்ற ரேஸ் புத்தகத்தில் குதிரையின் அப்பா பெயர், அம்மா பெயர், சுமக்கும் எடை எல்லாம் இருக்கும். இதயத்தின் எடைக்குக் கட்டம் போட்டதாக ஞாபகம் இல்லை.

பெல்மாண்டில் அதன்மேல் 2 டாலர் கட்டியவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 2 டாலர் 20 காசு. ஆனால் ஜெயித்த டிக்கெட்டில் 5,617-ஐ யாரும் கவுண்டரில் நீட்டவே இல்லை, ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். கிண்டியில் ரேஸ் நடந்த காலத்தில், முடிந்ததும் காலடியெல்லாம் கிழிந்த டிக்கெட்டாகக் கிடக்கும். அத்தனையும் தோற்ற டிக்கெட். ஜெயித்ததைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஆளை நான் பார்த்ததில்லை.