கொலைக் கதை என்றால் தூக்கம் மறந்து படிப்பது ஏன்?

நிஜத்தில் ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் ஆள்கூட, கொலைக் கதையை நள்ளிரவு தாண்டியும் கீழே வைப்பதில்லை. ஏன்?

ஒரு குற்றம் நடக்கிறது. யார் செய்தது, ஏன் செய்தது என்று தேடிப் போவதுதான் குற்றக் கதை. நம்மைக் கட்டிப்போடுவது அந்தப் பாதியில் நிற்கும் கேள்வி. விடை தெரியாமல் மனசு அடங்காது. கூடவே ஒரு பாதுகாப்பும் உண்டு. இதயம் நிஜமாகவே படபடக்கும், ஆனால் ஆபத்து தாளுக்கு அந்தப் பக்கம். ராட்டினத்தில் ஏறிக் கத்துகிற மாதிரி. கம்பி பூட்டியிருப்பது தெரிவதால்தான் கத்தலோடு சிரிப்பும் வருகிறது.

ஊடகம் மாறினால் பயமுறுத்தும் வித்தையும் மாறும். சினிமாவில், மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைப் பார்வையாளருக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டால், மேலே நடக்கும் வெட்டிப் பேச்சுகூட வயிற்றைப் பிசையும். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணலில், திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கு இது: சொல்லாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, சொல்லிவிட்டால் 15 நிமிடப் பதற்றம். படக்கதையிலோ, ஒரு கட்டத்தில் கத்தி ஓங்கியிருக்கும், அடுத்ததில் விளக்கு அணைந்திருக்கும். நடுவில் உள்ள வெள்ளை இடைவெளியில் குத்துவது நம் கற்பனைதான். ஒலி நாடகத்துக்கு ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும். என்னைக் கேட்டால் அதுதான் கொடூரம், கண்ணை மூடியும் தப்ப முடியாது.

இதை ரசிப்பவர் மனதில் வன்மம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கதைகளில் வாசகர் நடந்துவருவது துப்பறிபவரின் தோளுக்குப் பின்னால்தான்.