எந்தப் புள்ளியிலிருந்து, எந்த அச்சில்?

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒரு பொருளை நினைத்த இடத்தில், நினைத்த கோணத்தில் பிசகின்றி நிறுத்துவது பற்றியவை. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகவே பதிலளித்திருக்கிறேன். விசைகளும் மெனுப் பெயர்களும் பிளெண்டர் 4 வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை.

கேள்வி: ஒரு வீட்டின் உட்புறத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். கதவைத் திறந்த நிலையில் காட்டுவதற்காகச் சுழற்றினால், அது கீல் இருக்கும் ஓரத்தில் திரும்பாமல் தன் நடுவில் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் மவுஸால் இழுத்துப் பழைய இடத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சரியான வழி என்ன? (உள்ளலங்காரம் பயிலும் மாணவி, திருச்சி)

பதில்: ஒவ்வொரு பொருளுக்கும் ஆரிஜின் எனப்படும் மூலப்புள்ளி ஒன்று உண்டு. பொருளைத் தேர்ந்தெடுத்ததும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் சிறு புள்ளி அதுதான். புதிதாக உருவாக்கிய கனசதுரத்தில் அது நடுவில் இருக்கும்; நீங்கள் அந்தக் கனசதுரத்தை நீட்டிக் கதவாக்கியபோதும் அது நடுவிலேயே தங்கிவிட்டது. பொருளைச் சுழற்றும்போது அது பொதுவாக இந்தப் புள்ளியைச் சுற்றியே திரும்பும் என்பதால், மாற்ற வேண்டியது கதவின் இடத்தை அல்ல, மூலப்புள்ளியின் இடத்தை.

கதவைத் தேர்ந்தெடுத்து டேப் விசையை அழுத்தி, வடிவத்தின் புள்ளிகளையும் விளிம்புகளையும் மாற்ற உதவும் எடிட் மோடுக்குச் செல்லுங்கள். எண் 2ஐ அழுத்தினால் விளிம்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். கீல் பக்கத்துச் செங்குத்து விளிம்பைச் சொடுக்கி, ஷிஃப்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி, வரும் மெனுவில் ‘கர்சர் டு செலக்டெட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், இடத்தைச் சுட்டும் குறியான முப்பரிமாணக் கர்சர் அந்த விளிம்பின் நடுவில் போய் நிற்கும். மீண்டும் டேப் அழுத்தி வெளியே வந்து, ஆப்ஜெக்ட் மெனுவில் ‘செட் ஆரிஜின்’ என்பதன் கீழ் ‘ஆரிஜின் டு த்ரீடி கர்சர்’ என்பதைச் சொடுக்குங்கள். இனி ஆர், இசட், 90, என்டர் என்று வரிசையாக அழுத்தினால் கதவு தன் கீலில் திறக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, கீல் பக்கத்தில் இரண்டு செங்குத்து விளிம்புகள் இருப்பது. கதவு 90 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. தடிமனும் கொண்டது என்று கொள்வோம். மூலப்புள்ளியைத் தடிமனின் நடுவில் வைத்துத் திறந்தால், கதவின் ஒரு மூலை கதவுநிலைச் சட்டத்துக்குள் 1.75 செ.மீ. புகுந்துவிடும். மென்பொருளில் மரமும் மரமும் மோதித் தடுப்பதில்லை என்பதால், பிழை ஓசையில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்து விளிம்பில் மூலப்புள்ளியை வையுங்கள். அப்போது கீல் பக்கத்து மூலைகள் நிலையைத் தொடாமல் விலகும். உண்மையான கீலின் ஊசியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பூட்டுப் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. கீல் விளிம்பிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள மூலைவிட்டத் தொலைவு 90.07 செ.மீ. ஆகிறது, அதாவது கதவு திறக்கத் தொடங்கும்போது அதன் மூலை கதவின் அகலத்தைவிட ஏறக்குறைய 0.7 மி.மீ. வெளியே நீள்கிறது. கதவைச் சட்டத்தோடு இடைவெளியே இல்லாமல் பொருத்தி வரைந்தால் அது உண்மையில் திறக்காத கதவு. உங்கள் வரைபடத்தை நம்பித் தச்சர் மரம் அறுப்பார் என்றால், இந்த இடைவெளியை நீங்கள் வரைபடத்திலேயே காட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அலமாரித் தட்டுகளைச் சரியான உயரத்தில் வைக்க முடியவில்லை. 42 செ.மீ. என்று வைத்தால் 41.87 என்று நிற்கிறது. (மரவேலைப் பட்டறை நடத்துபவர், நாகர்கோவில்)

பதில்: மவுஸை நகர்த்தி இடம் பிடிக்கும் வரை இந்தச் சிக்கல் தீராது. எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். ஜி, இசட், 0.42, என்டர் என்று அழுத்தினால், பலகை இப்போது இருக்கும் இடத்திலிருந்து 42 செ.மீ. மேலே செல்லும். என் (N) விசையை அழுத்தினால் வலப்புறம் திறக்கும் பலகத்தில் ‘லொகேஷன்’ என்பதன் கீழ் இசட் கட்டத்தில் 0.42 என்று எழுதினாலோ, தளத்தின் பூஜ்யத்திலிருந்து 42 செ.மீ. உயரத்தில் போய் நிற்கும். முன்னது நகர்த்தும் தொலைவு, பின்னது நிற்கும் இடம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல அலமாரிகளில் தட்டுகள் இரண்டு மடங்கு உயரத்துக்குப் போய்விடுகின்றன. பலகையை அலமாரியோடு பேரன்ட் முறையில், அதாவது அலமாரி நகர்ந்தால் பலகையும் கூடவே நகரும்படி, இணைத்திருந்தால், அந்தப் பலகத்திலுள்ள எண் தளத்திலிருந்து அளந்ததாக இராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, 42 என்பது பலகையின் எந்தப் பகுதிக்கு உரியது என்று பாருங்கள். மூலப்புள்ளி பலகையின் நடுவில் இருந்தால் அந்த உயரம் பலகையின் நடுவுக்கு உரியது. 18 மி.மீ. பலகையின் மேல்மட்டம் 42 செ.மீ. உயரத்தில் வர வேண்டுமானால், 9 மி.மீ. கழித்து 41.1 செ.மீ. என்று கொடுக்க வேண்டும். அதை நீங்கள் மனத்தில் கழிக்க வேண்டியதில்லை, கட்டத்தில் 0.42-0.009 என்று எழுதினால் மென்பொருளே கணக்கைப் போட்டுக்கொள்ளும்.

ஒரு பலகையின் மூலையை இன்னொன்றின் மூலையோடு சேர்க்க வேண்டிய இடங்களில் எண்ணைவிட, பொருளை ஒரு புள்ளியில் ஒட்டி நிறுத்தும் ஸ்நாப் எளிது. மேலே காந்த வடிவப் பொத்தானின் பக்கத்தில் ‘வெர்டெக்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜி அழுத்தி நகர்த்தும்போதே பி (B) விசையை அழுத்தினால், பிடிக்க வேண்டிய மூலையைக் காட்டும்படி மென்பொருள் கேட்கும். அந்த மூலையைச் சொடுக்கி, பிறகு அது சேர வேண்டிய மூலையைச் சொடுக்கினால் போதும். ஆனால் இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிட்டால், எதை முன்னால் காட்டுவது என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாமல் படம் திட்டுத்திட்டாக மினுக்கும். அந்த இடத்தில் மறைந்திருக்கும் பரப்பை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சாய்தளத்தின் மேல் ஒரு வண்டியை வைத்திருக்கிறேன். சரிவு வழியாகவே அதை நகர்த்த விரும்புகிறேன். ஆனால் எக்ஸ் அழுத்தினால் கிடைமட்டமாகப் போகிறது. (பொறியியல் மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: எக்ஸ் விசையை இரண்டு முறை அழுத்துங்கள். முதல் அழுத்தம் உலக அச்சையும், இரண்டாவது அந்தப் பொருளின் சொந்த அச்சையும் குறிக்கும். வண்டியைச் சாய்தளத்துக்கு ஏற்ப ஆர் விசையால் சுழற்றி வைத்திருந்தால் அதன் சொந்த அச்சும் சரிந்திருக்கும், வண்டி சரிவிலேயே நகரும். ஆனால் எடிட் மோடுக்குள் சென்று புள்ளிகளைச் சாய்த்திருந்தாலோ, சுழற்றிய பின் கன்ட்ரோல் ஏ மூலம் சுழற்சியை ‘அப்ளை’ செய்து, அதாவது வடிவத்திலேயே பதித்துச் சுழற்சி எண்களைப் பூஜ்யமாக்கியிருந்தாலோ, பொருளின் சொந்த அச்சு உலக அச்சோடு ஒத்துப்போய்விடும், சரிவு பற்றிய தகவலே அழிந்துவிடும். அதனால் சுழற்சியை அப்ளை செய்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

கேள்வி: விமானம் ஒன்றை அனிமேட் செய்கிறேன். மூக்கு ஒய் அச்சை நோக்கி இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போது திடீரென்று ஓர் அச்சு வேலை செய்யாமல் போகிறது. எக்ஸ் எண்ணை மாற்றினாலும் இசட் எண்ணை மாற்றினாலும் ஒரே விதமாகத்தான் சுழல்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா? (அனிமேஷன் கற்பவர், கோலாலம்பூர்)

பதில்: கோப்பில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் சந்தித்திருப்பது கிம்பல் லாக் எனப்படும் நிலை. இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களை நோக்கி 90 பாகை கவிழ்த்து, பிறகு மேசையின் மேல் இடப்பக்கமாக 90 பாகை திருப்புங்கள். மீண்டும் பழைய நிலையில் வைத்து, இப்போது முதலில் திருப்பி, பிறகு கவிழ்த்துப் பாருங்கள். அதே இரண்டு சுழற்சிகள்தான் என்றாலும் பெட்டி வேறு நிலையில் நிற்கும். நகர்த்துவதில் வரிசை முக்கியமல்ல. சுழற்றுவதில் வரிசைதான் எல்லாம்.

கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லரின் பெயரால் வழங்கும் ஆய்லர் கோண முறையில், எந்த நிலையையும் மூன்று அச்சுகளில் அடுத்தடுத்து நிகழும் மூன்று சுழற்சிகளாக எழுதுகிறோம். பிளெண்டரின் இயல்பான வரிசை எக்ஸ், ஒய், இசட். முதலில் எக்ஸ் சுழற்சி, அடுத்து ஒய், கடைசியில் இசட். நடுவிலுள்ள ஒய் 90 பாகையை எட்டியதும், எக்ஸ் அச்சு இசட் அச்சின் திசையிலேயே போய்ப் படுத்துவிடுகிறது. அப்போது மூன்று எண்கள் இருந்தும் இரண்டு விதமாகத்தான் சுழற்ற முடியும். புதிய கோப்பில் ஒரு கனசதுரத்தை வைத்து, என் பலகத்தில் ஒய் சுழற்சிக்கு 90 கொடுத்துவிட்டு, எக்ஸ், இசட் எண்களை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். இது மென்பொருளுக்கு மட்டும் உரிய தொல்லையும் அல்ல. நிலவுக்குச் சென்ற அப்பல்லோ விண்கலங்களின் திசை காட்டும் கருவியில் மூன்று வளையங்கள்தான் இருந்தன, வளையங்கள் இப்படிப் பூட்டிக்கொள்ளாதபடி விண்வெளி வீரர்கள் கலத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டியிருந்தது.

உங்கள் விமானம் ஒய் அச்சில்தான் பக்கவாட்டில் உருள்கிறது. அந்த ஒய்தான் வரிசையில் நடுவிலும் இருக்கிறது. செங்குத்தாகச் சாய்ந்தவுடன் சிக்கிக்கொள்வதற்கு இதுவே காரணம். என் பலகத்தில் சுழற்சி எண்களுக்குக் கீழே உள்ள பட்டியலில் ‘ஒய் எக்ஸ் இசட் ஆய்லர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது உருளல் முதலிலும், மூக்கை ஏற்றி இறக்கும் எக்ஸ் நடுவிலும், திசை திருப்பும் இசட் கடைசியிலும் வரும். மூக்கு நேர் செங்குத்தாக வானத்தைப் பார்க்காத வரை தொல்லை இராது. நடு இடத்தை, மிகக் குறைவாகச் சுழலும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இதை மனத்தில் வைத்தால் எந்தப் பொருளுக்கும் வரிசையை நீங்களே தீர்மானிக்கலாம். கேமராவுக்கு எக்ஸ் ஒய் இசட் என்ற இயல்பான வரிசையே நன்றாகப் பொருந்துகிறது, ஏனெனில் கேமராவை யாரும் அதிகம் பக்கவாட்டில் சாய்ப்பதில்லை.

வட்டமடித்துக் குட்டிக்கரணம் போடும் விமானமாக இருந்தால் எந்த வரிசையும் போதாது. அதற்குக் குவாட்டர்னியன் முறை இருக்கிறது. டப்ளின் நகரின் ராயல் கால்வாய்க் கரையில் 1843 அக்டோபர் 16ஆம் நாள் மனைவியோடு நடந்துகொண்டிருந்த கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன், இதன் சமன்பாடு மனத்தில் உதித்ததும் அங்கிருந்த பாலத்தின் கல்லில் அதைக் கீறிவைத்தார். 1985இல் கென் ஷூமேக் எழுதிய கட்டுரை அதைக் கணினி அனிமேஷனுக்குக் கொண்டுவந்தது. இதில் நான்கு எண்கள் இருக்கும், பூட்டிக்கொள்ளும் நிலை வராது. ஆனால் அந்த எண்களைப் பார்த்துக் கோணத்தைச் சொல்ல முடியாது. மேலும், குறிப்பிட்ட நேரத்தில் பொருளின் நிலையைப் பதிந்துவைக்கும் கீஃப்ரேம்கள் இரண்டுக்கு நடுவே ஒரு முழுச் சுற்றைக் கூட அது அறியாது. விமானத்தின் விசிறி 720 பாகை சுற்ற வேண்டுமென்றால் அதற்கு ஆய்லர் முறைதான் ஏற்றது. கீஃப்ரேம்கள் வைத்த பின் முறையை மாற்றினால் பழைய கீஃப்ரேம்கள் தாமாக மாறுவதில்லை என்பதால், இந்த முடிவை முதல் கீஃப்ரேமுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மேசையின் விளிம்புகளை பெவல் கொண்டு மழுக்கினால் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் வருகிறது. (வாசகர், ஈரோடு)

பதில்: என் பலகத்தில் ‘ஸ்கேல்’ எண்களைப் பாருங்கள், மூன்றும் 1 ஆக இராது. கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை மட்டும் அப்ளை செய்யுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: நில அளவையாளர் கொடுத்த ஆயத்தொலைகளை அப்படியே ஏற்றிக் கட்டட மனை ஒன்றை வரைந்தேன். நேராக இருக்க வேண்டிய சுவர்கள் கோணலாகின்றன, சில புள்ளிகள் நகர்த்தினால் குதித்துக் குதித்து நகர்கின்றன. (கட்டட வரைவாளர், சென்னை)

பதில்: பிளெண்டர் புள்ளிகளின் இடங்களை 32 பிட் எண்களாகச் சேமிக்கிறது. அத்தகைய எண்ணில் ஏறக்குறைய ஏழு இலக்கங்கள்தான் நம்பத்தக்கவை. உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்க அளவையாளர்கள் பயன்படுத்தும் யுடிஎம் முறையில் சென்னை 44ஆம் மண்டலத்தில் வருகிறது. அங்கே வடக்குத் தொலைவு 14 லட்சம் மீட்டரையும் கிழக்குத் தொலைவு 4 லட்சம் மீட்டரையும் தாண்டும். 14 லட்சத்தில் நிற்கும் ஓர் எண்ணுக்கு அடுத்ததாகச் சேமிக்கக்கூடிய எண் 12.5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. 4 லட்சத்தில் அந்த இடைவெளி 3 செ.மீ. அளவில் இருக்கும். 23 செ.மீ. சுவரை இத்தகைய கட்டங்களில் எப்படி நேராக நிறுத்த முடியும்?

மனையின் ஒரு மூலைக்கல்லை அடிப்படைப் புள்ளியாகக் கொள்ளுங்கள். கோப்பை ஏற்றுவதற்கு முன்பே, விரிதாளில் எல்லா ஆயத்தொலைகளிலிருந்தும் அந்தக் கல்லின் எண்களைக் கழித்துவிடுங்கள். பிளெண்டருக்குள் கொண்டுவந்த பின் கழித்துப் பயனில்லை, ஏனெனில் இலக்கங்கள் அதற்குள் தொலைந்திருக்கும். கழித்த இரண்டு எண்களையும் கோப்பின் பெயரிலோ, கோப்புக்குள் உள்ள குறிப்பிலோ எழுதிவையுங்கள். வரைபடத்தை மீண்டும் அளவையாளரிடம் கொடுக்கும்போது அவற்றைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.