பதினேழாம் தேதி சங்கீதம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி ஒன்றரை வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறேன். போன டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கென்று எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையில், 'வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்' என்று இருந்தது. பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். இப்போது அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. முழங்கால் போட்டால் தூங்கிவிடுகிறேன், இல்லையென்றால் கோபம் வருகிறது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் ஒருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திப் பாருங்கள் என்றார். ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம், நான் தேய்ந்துகொண்டு போவதுபோல இருக்கிறது. இந்த மனசோடு திருவிருந்து எடுக்கலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் டயாலிசிஸ். ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், ஆலோசனை கேட்க வேண்டாம். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்து, 'உன்னைக் குணமாக்குவேன்' என்று கர்த்தரே சொன்ன பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி பிளவையின்மேல் போடவைத்தார். சுகம் தருவதாகச் சொன்னதும் கர்த்தர்தான், மருந்து போடவைத்ததும் அவருடைய தீர்க்கதரிசிதான். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலாக வெற்றிகரமாக நடந்தது 1971இல், வேலூர் சி.எம்.சி.யில். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அங்கே ஜெபமும் உண்டு, ஆபரேஷன் தியேட்டரும் உண்டு.

அடுத்தது அட்டை. யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் இருக்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்டு கானானுக்குப் போகிற ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்னது. ஒரு வருடத்துக்குள் ஒரு குடும்பத்தில் இன்னது நடக்கும் என்று தேதி குறித்துத் தந்ததல்ல. முன்பாதியை வெட்டிவிட்டு பின்பாதியை மட்டும் அச்சடித்து, தட்டில் கவிழ்த்து வைத்து, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்வது நம் சபைகளுக்கு வழக்கமாகிவிட்டது. ஆசையாக எடுக்கிறோம், நானும் எடுப்பவன்தான். ஆனால் அது பலிக்கவில்லை என்றால் குற்றவாளி யார்? அட்டையை அச்சடித்தவர்மேல் யாரும் பழி போடுவதில்லை. எடுத்தவருடைய விசுவாசத்தில்தான் குறை என்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. எரிச்சல் வருகிறதென்றால் கழற்றி வேதாகமத்துக்குள் வைத்துவிடுங்கள். பாவமில்லை.

சரி, ஜெபத்துக்கு வருகிறேன். கோபத்தோடு ஜெபிப்பது தப்பு என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அவர்கள் வேதாகமத்தின் ஜெபப் பாட்டுகளான சங்கீதப் புத்தகத்தை முழுதாக வாசித்திருக்க மாட்டார்கள். 23, 91, 121 என்று நமக்குப் பழக்கமானது சில. 13ஐத் திருப்பிப் பாருங்கள்: 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' அதுவாவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88 அப்படியும் முடிவதில்லை. ராத்திரியும் பகலும் கூப்பிட்டேன், நீர் முகத்தை மறைத்தீர், என் சிநேகிதரையும் தூர விலக்கினீர் என்று சொல்லிக்கொண்டே போய், இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி ஒட்டவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே வேதாகமத்தில் விட்டுவைத்தார்கள்.

உங்கள் ஊர்ச் சபைகளுக்கு இதில் ஒரு பழைய சொத்து உண்டு. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகும்வரை திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன் சபைகள். அந்த மரபின் ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டிருப்பார்கள், காலைக்குக் கொஞ்சம், மாலைக்குக் கொஞ்சம். 17ஆம் தேதி காலையில் 86, 87, 88. வீட்டில் கல்யாணமோ சாவோ, 17 பிறந்தால் 88ஐ வாசித்தாக வேண்டும். பெரிய வெள்ளி மாலைக்கும் அதைத்தான் வைத்திருந்தார்கள். மனசுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள அந்த ஒழுங்கு விடவில்லை. இன்றைக்கு நம் சாட்சி நேரத்தைப் பாருங்கள். வேலை கிடைத்தவர், பிள்ளைக்கு சீட் கிடைத்தவர், சுகம் கிடைத்தவர் எழுந்து நிற்கிறார்கள். 'ஒன்றரை வருடமாகக் கேட்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று ஒருவர் எழுந்து சொன்னால் மைக்கை வாங்கிவிடுவார்களோ என்னவோ. என்னைக் கேட்டால் அதுதான் கனமான சாட்சி.

வளர்ச்சி வளர்ச்சி என்கிறார்களே, 88ஐப் பாடினவனிடம் அது எங்கே இருக்கிறது? தன் புகாரை அவன் வேறு எவரிடமும் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் அதே ஆளிடம் வந்து நிற்கிறான். நீங்களும் எரிச்சலோடு முழங்கால் போடுகிறீர்கள். போடாமல் விட்டிருந்தால் எனக்குக் கடிதமே வந்திருக்காது.

தூங்கிவிடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். தூதன் வந்து விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போதுதான் தூதன் சொல்கிறான், 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.' வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவருக்கு இது புரியும். ஆகவே ராத்திரி முழங்கால் ஜெபத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டுத் தூங்குங்கள். அவருக்கு டயாலிசிஸ் ஓடும் நான்கு மணி நேரம் வெளியே நாற்காலியில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? அங்கே ஒரு சங்கீதம் வாசியுங்கள், அன்றைய தேதிக்கு என்ன வருகிறதோ அது. அப்புறம், ஜெபிக்க வரட்டுமா என்று பெண்கள் ஐக்கியத்தில் கேட்டால், வெட்கப்படாமல் வேலை கொடுங்கள். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பதிலாக உட்காரட்டும், ஒருத்தர் ராத்திரிக்கு இட்லி கொண்டுவரட்டும். உப்பும் தண்ணீரும் அவருக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பாசத்தில் சாம்பாரை வாளியோடு தூக்கிக்கொண்டு வருவார்கள்.

திருவிருந்து எடுக்கலாமா என்று கேட்டீர்கள். 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாமல், திருவிருந்து எடுப்பதைப் பற்றிப் பவுல் எழுதினதை வைத்துப் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தைக் கொஞ்சம் மேலேயிருந்து வாசியுங்கள், 1 கொரிந்தியர் 11. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' வெறி என்றால் குடிவெறி. பவுலுடைய கோபம் அவர்கள்மேல். புருஷனுக்காக அழுது களைத்துப்போன மனைவிமேல் அல்ல. தாராளமாக எடுங்கள். அவரால் கோயிலுக்கு வர முடியாவிட்டால் சேகர குருவிடம் சொல்லுங்கள். நோயாளிகளுக்கு வீட்டில் வந்து கொடுக்கிற வழக்கம் உண்டு, இரண்டு பேரும் சேர்ந்தே எடுக்கலாம். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.