அழுகிற பேத்தியும் அழாத மகனும்
பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: பேத்திக்கு ஆறு வாரம் ஆகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி இரவு பத்து மணி வரை வீறிட்டு அழுகிறாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. உரம் (சுளுக்கு) விழுந்திருக்கிறது, எடுத்தால் சரியாகும் என்கிறேன் நான். மகளோ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
- ஓர் ஆச்சி, அம்பாசமுத்திரம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி ஆச்சி, ஒரு தடவை காட்டிவிடுங்கள். கண்ணீர் இல்லாததால் பொய் அழுகை என்று எண்ண வேண்டாம். முதல் சில வாரங்கள் கண்ணீர்ச் சுரப்பி கண்ணை ஈரமாக வைக்கும் அளவுக்கே சுரக்கும். கன்னத்தில் வழிவதைப் பார்க்க ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும்.

மாலை அழுகை இந்த வயதுக்கு உரியது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி, ஆறாம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் என்று 1954இல் அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸல் இதற்கு ஒரு கணக்கே வகுத்தார். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்ததும் அழுகை நிற்கிறதே என்பீர்கள். நிற்கும். குழந்தைக்கு ஆட்டம் பிடிக்கும். அதற்குள் மணி பத்தும் ஆகியிருக்கும். மெல்ல ஆட்டுங்கள், தோளில் போட்டு நடங்கள். தலைகீழாகப் பிடிப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, வசம்பு உரைத்து ஊட்டுவது எதுவும் வேண்டாம். மகள் அழுகையைக் கேட்டுக் களைத்துப்போனால் குழந்தையைப் பாயில் படுக்க வைத்துவிட்டுச் சற்று வெளியே போகட்டும். ஆத்திரத்தில் உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும்.

துணியை அவிழ்த்துக் கால்விரல்களையும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு முடி கொட்டும். ஒற்றை முடி விரலில் சுற்றி இறுகினால் பிள்ளை ஓயாமல் கத்தும். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி புடைப்பது, கீச்சென்ற புதுக்குரல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள்; எனக்கு எப்போதும் பயம், அழத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத்தான்.

கேள்வி: வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தேறிவிட்டார். ஆனால் "சாப்பிட்டீர்களா?" என்று யாராவது கேட்டாலே தேம்பி அழுகிறார். மனதில் என்ன குறையோ என்று உறவினர்கள் எங்களைக் குற்றவாளி போலப் பார்க்கிறார்கள்.
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: அவரிடமே கேளுங்கள், "துக்கமாக இருக்கிறதா?" என்று. "இல்லை, தானாக வருகிறது" என்பாரானால் அது மூளையின் கோளாறு. அழுகையையும் சிரிப்பையும் அடக்கியாளும் நரம்புப் பாதை பக்கவாதத்தில் பழுதாகிவிட்டால், சிறு தூண்டுதலே மடையைத் திறந்துவிடும். சிலர் இழவு வீட்டில் சிரித்துவிட்டுக் கூனிக் குறுகிப்போவார்கள். "அழாதீங்க வாப்பா" என்று சூழ்ந்துகொள்ளாதீர்கள், அது கூட்டும். பேச்சை மாற்றுங்கள். மாத்திரைகள் இருக்கின்றன, நரம்பு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் எழுதித் தருவார். பக்கவாதத்துக்குப் பின் உண்மையான மனச்சோர்வும் வருவதுண்டு, அதையும் அவரே பிரித்துப் பார்ப்பார். உறவினர்களுக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

கேள்வி: முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் முகவாதம் வந்து சரியானபின், சாப்பிடும்போதெல்லாம் ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிகிறது. காரம் குறைத்தும் பயனில்லை.
- வாசகி, வள்ளியூர்

பதில்: காரத்தின் மேல் பழி இல்லை. முகவாதத்தில் பழுதான முக நரம்பு திரும்ப வளரும்போது, எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் வழிதவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடுகின்றன. மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர் முதலைக் கண்ணீர். தொல்லை பொறுக்க முடியாவிட்டால் கண்ணீர்ச் சுரப்பியில் ஊசி போட்டுக் குறைக்கலாம்.

கேள்வி: அப்பா இறந்து பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. எனக்கு அழுகையே வரவில்லை. எல்லார் முன்னும் சித்தப்பா "கல்நெஞ்சக்காரன்" என்றார். இது நோயா?
- வாசகர், களக்காடு

பதில்: இல்லை தம்பி. பந்தல், மேளம், ஊருக்குச் சொல்லிவிடுவது, சுடுகாடு என்று மூத்த மகன் ஓடியாக வேண்டும். அழ யார் விட்டார்கள்? பெண்களுக்காவது வட்டமாகக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க இடம் இருக்கிறது. அந்த வட்டத்தில் பாதிப்பேர் தங்கள் பழைய துக்கத்தைத்தான் அழுகிறார்கள். சிலருக்கு மாதங்கள் கழித்து வரும், சிலருக்கு வராமலே போகும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்தால் அதனாலும் அழுகை வறளலாம். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் பேசுங்கள், கட்டணம் கிடையாது. சித்தப்பாவின் வாய்க்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி: கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் மூட்டை மூட்டையாகப் பல்லாரி வெங்காயம் நறுக்குகிறேன். கண் கெட்டுவிடுமா?
- வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: கெடாது. வெட்டும்போது கிளம்பும் கந்தக வாயு கண்ணில் பட்டு எரிகிறது, அதைக் கழுவவே நீர் வருகிறது. அரிவாள்மனையைத் தீட்டி வையுங்கள். மழுங்கினால் பல்லாரி நசுங்கி வாயு கூடும். காற்றாடியைப் பக்கவாட்டில் வையுங்கள். கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.