இரண்டு கை, ஒரு குழந்தை, 14 மணி நேரம்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவர் 2 வருட வேலைக்காக லண்டன் போயிருக்கிறார். வரும் டிசம்பரில் நானும் மகளும் அங்கே போய் 3 மாதம் தங்கிவிட்டு வரப்போகிறோம். அப்போது அவளுக்கு ஐந்தரை மாதம் ஆகியிருக்கும். தாய்ப்பால்தான் குடிக்கிறாள், இரவில் மட்டும் ஒரு புட்டி பால்மாவு. வீட்டில் சாரோங் துணித் தொட்டிலில் ஆட்டினால்தான் தூங்குவாள். துணைக்கு யாரும் இல்லை, நான் தனியாகத்தான் கூட்டிப்போக வேண்டும். மாமியார், “ஒரு வயசு ஆகட்டுமே” என்கிறார். அம்மாவோ, “ஏறுவதற்கு முன்னால் சளி மருந்து கொஞ்சம் கொடு, லண்டன் வரை தூங்கும்” என்கிறார். இரவு விமானம் நல்லதா, பகல் விமானமா? குழந்தை அழுதால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? விமானம் குலுங்கினால் என்ன செய்வது? இதற்கு நடுவில் மாமியார் தன் மகனுக்காக 2 கிலோ மசாலாத்தூளும் ஒரு போத்தல் நெய்யும் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மற்றதில் தவறு நடந்தால் ஒரு ராத்திரித் தூக்கம்தான் போகும், இது அப்படி இல்லை. சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவழைக்கும் சிரப் எதையும் குழந்தையைத் தூங்க வைப்பதற்காகக் கொடுக்காதீர்கள். அந்த வகையில் ஒன்றான பிரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கூடவே கூடாது, மூச்சையே மந்தப்படுத்திவிடும். அதுவும் எங்கே வைத்து? விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும், அதாவது கிட்டத்தட்ட ஊட்டி. நன்றாக இருக்கும் குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மூச்சை மந்தப்படுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு அங்கே கொண்டுபோய் உட்காருவதுதான் ஆபத்து. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து நேர்மாறாக வேலை செய்து, தூங்குவதற்குப் பதிலாக விடிய விடிய ஆட்டம் போட வைக்கும் என்பது தனிக்கதை. அம்மா அடுத்தபடியாக வசம்பை உரசி நாக்கில் தடவலாம், தேன் தொட்டு வைக்கலாம் என்று ஆரம்பிப்பார். அவர்கள் காலத்தில் செய்தார்கள், சரி. ஆனால் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது, போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் வாய்ப்பு இருக்கிறது. வசம்பும் வேண்டாம்.

மாமியாரின் பேச்சைக் கேட்டால் பயணம் உங்களுக்குக் கஷ்டமாகிவிடும், சுலபமாகாது. ஐந்தரை மாதக் குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். சாப்பாடு உங்களிடமே இருக்கிறது, கூழும் கிண்ணமும் கரண்டியும் தேவையில்லை. பத்து, பன்னிரண்டு மாதத்தில் தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நின்று, இறக்கிவிடு என்று முரண்டு பிடிக்கிற பிள்ளையோடு தனியாக 14 மணி நேரம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை நல்ல உடம்போடு இருந்தால் இதுதான் நல்ல நேரம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள், முக்கியமாகக் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள். பிரிட்டனில் 8, 12, 16 வாரம் என்று கணக்கு வேறு. ஆறாவது மாத ஊசி உங்கள் பயணத்துக்குள் வருகிறதே, அதை எங்கே எப்போது போடுவது என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இப்போதே கேட்டுவிடுங்கள். தடுப்பூசிப் பதிவின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

இரவு விமானமா, பகல் விமானமா என்றால் நான் இரவு என்பேன், அதுவும் உங்கள் கணவர் அங்கே வாசலில் நிற்கப்போகிறார் என்பதால் மட்டும். இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் பாதி வழியாவது குழந்தை தூங்கும், நீங்கள் தூங்க மாட்டீர்கள். காலை ஐந்தரைக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கண் எரிய இறங்கும்போது குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அங்கே யாரும் இல்லை என்றால் பகல் விமானத்தைத்தான் சொல்லியிருப்பேன். கணவரிடம் அன்றைக்கு விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கூட்டிப்போய் வீட்டில் விட்டுவிட்டு ஆபிசுக்கு ஓடுவதெல்லாம் ஆகாது.

பயணச்சீட்டு வாங்கிய அன்றே குழந்தைத் தொட்டில் மாட்டும் இருக்கைக்குச் சொல்லி வையுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறை, விமானம் முழுக்கக் குழந்தைகளாக இருக்கும், தொட்டில்களோ சில மட்டும்தான். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விமானத் தொட்டில் ஆடாது! சாரோங்கில் ஸ்பிரிங்கோடு குதித்துத் தூங்கிப் பழகிய பிள்ளையை அசையாத பெட்டியில் கிடத்தினால் உடனே கண்ணைத் திறக்கும். இன்றிலிருந்தே பகலில் ஒரு தூக்கமாவது மெத்தையில், ஆட்டாமல், மெல்லத் தட்டித் தூங்க வையுங்கள். முதல் நான்கு நாள் வீடு இரண்டு படும். மூன்று வாரத்தில் பழகிவிடும்.

விமானத்தில் உங்களுக்குப் பற்றாக்குறையாகப் போவது பாலோ டயபரோ இல்லை, கை. இரண்டே கை, அதில் ஒன்று எப்போதும் குழந்தையிடம். ஒரு பொருளைப் பையில் வைக்கும்போது, இதை ஒரு கையால் எடுக்க முடியுமா, ஒரு கையால் திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வீட்டிலேயே கிடக்கட்டும். தோளில் தொங்கும் பை வேண்டாம், குனிந்தால் முன்னால் சரியும். முதுகுப்பைதான் சரி. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் கட்டாயம். தள்ளுவண்டியை விமான வாசலில் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் இறங்கியதும் அங்கேயே திருப்பித் தருவார்களா, பெட்டிகளோடு வருமா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஹீத்ரோவில் நடை அதிகம். டயபர், ஈரத்தாள், மாற்றுடுப்பு, ஒரு நெகிழிப்பை என்று செட் செட்டாகக் கட்டி வைத்தால், கழிப்பறைக்கு முழுப்பையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரு பொட்டலம் போதும். வீட்டிலிருந்து வீட்டுக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு 12 பொட்டலம் போடுங்கள்.

உங்களுக்கும் ஒரு மாற்றுடுப்பு. என் மூத்தவளை எட்டு மாதத்தில் மெல்பர்னுக்குத் தூக்கிப்போனபோது அவளுக்கு ஐந்து செட் துணி எடுத்துவைத்தேன், எனக்கு ஒன்றுகூட இல்லை. போதாததற்கு வெள்ளைச் சுடிதார். கிளம்பி ஒரு மணி நேரத்தில் அவள் குடித்த பால் முழுவதும் என் மேல். மிச்ச ஆறு மணி நேரத்தை விமானப் போர்வையைச் சேலை மாதிரி சுற்றிக்கொண்டு கழித்தேன். பணிப்பெண் நல்லவர், சிரிக்கவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். 1, 2, 3-ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது, 4-இல் மட்டும்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடம். அந்தச் சோதனையைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலான வாயில்களில் கழிப்பறை கிடையாது. அதனால் டயபர் மாற்றுவது, நீங்கள் போய்விட்டு வருவது எல்லாவற்றையும் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். குழந்தை அறைகளில் வெந்நீர்க் குழாய் இருக்கும். குழந்தைக்கான பாலுக்கும் தண்ணீருக்கும் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு பொருந்தாது, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். ஆனால் பைக்குள்ளே புதைத்து வைக்காமல் வெளியே எடுத்துக் காட்டுங்கள். பால்மாவை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று முன்பே அளந்து வையுங்கள். கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும், கலந்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தாய்ப்பால் கொடுப்பவருக்கு இந்த வம்பெல்லாம் குறைவு. முடிந்தால் அந்த ஒரு ராத்திரிக்குப் புட்டியை மறந்துவிடுங்கள்.

காதுவலி ஏறும்போது வருவதைவிட இறங்கும்போதுதான் அதிகம். ஊட்டியிலிருந்து அரை மணி நேரத்தில் சமவெளிக்கு வருவதுபோல் அழுத்தம் மாறும். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, விழுங்கினால்தான் திறக்கும். விமானி இறங்கப் போகிறோம் என்று சொன்னதும் பால் கொடுக்க ஆரம்பியுங்கள், சக்கரம் தரையைத் தொடும் நேரத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள். கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தால் அதற்காக எழுப்ப வேண்டாம்.

குலுக்கலைப் பற்றிப் பயப்படுவது நியாயம்தான். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். குழந்தையைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது இதுதான். இருக்கைப்பட்டை விளக்கு எரிந்தால் தொட்டிலிலிருந்து தூக்கிவிடுங்கள், பெரும்பாலும் பணிப்பெண்ணே வந்து சொல்வார். இப்போதுதானே தூங்கினாள் என்று மனசு கேட்காது, இருந்தாலும் தூக்குங்கள். மடியில் வைத்து, அவர்கள் தரும் சின்னப் பட்டையை உங்கள் பட்டையில் கோத்து அவளுக்குத் தனியாகப் போடுங்கள். உங்கள் பட்டைக்குள்ளேயே அவளையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு குலுக்கு குலுக்கினால் உங்கள் எடை முழுவதும் அவள் மேல் விழும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போகிற அம்மா எப்போது கழிப்பறைக்குப் போவது? சாப்பாட்டுத் தட்டு வருவதற்கு முன்னால். தட்டு மடிமேசைக்கு வந்துவிட்டால் ஒரு மணி நேரம் சிறைதான். குழந்தை விழித்திருந்தால் கேரியரில் கட்டிக்கொண்டே போய்விடலாம். தூங்கினால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், ஆனால் பரிமாறும் நேரத்தில் கேட்டால் அவர்களால் நகர முடியாது. பக்கத்து இருக்கையில் பேரன் பேத்தி எடுத்த ஒரு பாட்டி இருந்தால் ஏறியதுமே பேச்சுக் கொடுத்து வையுங்கள். எந்த ஊர்ப் பாட்டியாக இருந்தாலும் குழந்தையை ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளக் காத்துக்கொண்டிருப்பார். உங்களுக்குச் சூப், காப்பி வேண்டாம், மடியில் குழந்தை இருக்கும்போது ஆவி பறக்கும் எதுவும் வேண்டாம். ஒரு கையால் பிய்த்துச் சாப்பிட நாலு சப்பாத்தியைச் சுருட்டி எடுத்துப் போங்கள்.

அழுதால்? அழட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை “மன்னிச்சிடுங்க” என்றால் போதும், 14 மணி நேரமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். இணையத்தில் பார்த்துவிட்டுச் சிலர் மிட்டாயும் காதடைப்பானும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தை பெற்றதற்கு அபராதம் கட்டுவது மாதிரி இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் தூங்கலாம்.

தாள்கள் விஷயம் சுருக்கமாக. நீங்கள் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டன் போக மின்னணு அனுமதி வாங்க வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. நம் வீடுகளில் குழந்தையின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தான் வரும், உங்கள் பெயரோடு எந்தச் சம்பந்தமும் தெரியாது. அதிகாரி கேட்டால் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து அது மின்வடிவில்தான் கிடைக்கிறது, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அழைத்துவரச் சம்மதம் என்று கணவர் எழுதிய கடிதமும் இருந்தால் நல்லது. ஹீத்ரோவில் சிங்கப்பூரர்களுக்குத் தானியங்கி வாயில் உண்டு, ஆனால் கைக்குழந்தைகளுக்கு இல்லை. நீங்கள் அதிகாரி இருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அதற்காக ஒரு பால் நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு முதல் வாரம் கொஞ்சம் பாடுதான். டிசம்பரில் 8 மணி நேர வித்தியாசம். இங்கே இரவு எட்டுக்குத் தூங்கி காலை ஆறுக்கு எழுகிறவள், அங்கே பகல் பன்னிரண்டுக்குச் சொக்கி, ராத்திரி பத்துக்குச் சிரித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள். பகல் தூக்கத்தை இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிட்டு வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள், அங்கே மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ராத்திரி எழுந்தால் விளக்குப் போடாதீர்கள், விளையாட்டுக் காட்டாதீர்கள். முதல் மூன்று ராத்திரி கணவரின் முறை. அவர் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியவர்தானே.

மசாலாத்தூள் பெட்டியில் போகட்டும், கைப்பையில் வேண்டாம். இரண்டு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், 2 கிலோ எதற்கு, அரைக் கிலோ போதும். நம் தேக்கா சந்தையில் கிடைப்பதில் முக்கால்வாசி லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைகளிலும் இருக்கிறது. நெய்தான் போகாது. பிரிட்டனுக்குள் இங்கிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. குழந்தைக்கான பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு, உபயோகத்தில் இருப்பதைத் தவிர மற்றவை உறை பிரிக்காத டின்னாக இருக்க வேண்டும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் மகனையே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நெய் ஜனவரியில் பொங்கலுக்கு ஆகும்.